புருஷன் ஏறாத வண்டி

மலைமேல் டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு தகர வாளி உண்டு. அடியில் சொட்டை, கைப்பிடியில் கோணல், கழுவிக் கழுவி வெளுத்துப்போன மேனி. எந்த வண்டியில் பயணி வாந்தி எடுத்தாரோ, அந்த வண்டியின் பின்னால் அது தொங்க வேண்டும். அடுத்து வேறொருவர் வண்டியில் யாராவது எடுக்கும்வரை கழற்றக் கூடாது, துணி போட்டு மூடக் கூடாது. ஸ்டாண்டுக்கு வருகிறவர்கள் முதலில் வாளி எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் வண்டி பேசுவார்கள். கோர்ட்டுத் தீர்ப்புக்குக்கூட மேல்முறையீடு உண்டு, வாளிக்குக் கிடையாது.

அந்த வாளி ஒருநாளும் தொங்காத வண்டி ஸ்டாண்டில் ஒன்றே ஒன்றுதான். வெளிர்பச்சை நிறத்தில், சோப்புப் பெட்டி போல ஒரு சின்ன கார். ஓட்டுகிறவளுக்கு ஊர் வைத்த பெயர் எலுமிச்சை.

காரணப்பெயர்தான். சின்ன வயதில் பஸ் படியில் கால் வைத்தாலே அவளுக்குக் குமட்டும். மூக்கருகே எலுமிச்சம்பழம் இல்லாமல் பள்ளிக்கூடம் போனதில்லை. கண்ணைத் திறந்தால் தலை சுற்றும் என்பதால் வழி முழுக்க மூடிக்கொண்டே இருப்பாள். அப்படி இருந்தவளுக்கு ஒரு விநோதக் கல்வி கிடைத்தது. இன்று ஓட்டுவது மீசைக்காரரா, கண்ணாடிக்காரரா என்று வயிற்றை வைத்தே சொல்லிவிடுவாள். மீசைக்காரர் வளைவுக்குள் நுழைந்தபிறகு திடுக்கிட்டு பிரேக்கை மிதிப்பார். குடல் முன்னால் போகும், அவள் பின்னால் இருப்பாள். கண்ணாடிக்காரர் வளைவுக்கு முன்பே கியரைக் குறைப்பார். இன்ஜின் ஒருமுறை உறுமும், வண்டி தானாக நிதானமாகும், வயிறு இருந்த இடத்திலேயே இருக்கும். உறுமல் கேட்டால் நிம்மதி, கிரீச் கேட்டால் எலுமிச்சை. இதுதான் அவள் படித்த பாடம். சொல்லிக்கொடுத்த வாத்தியார் வயிறு.

வளர்ந்தபிறகு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்த முதல் நாள் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தவருக்குக் குமட்டுவதில்லை. அன்று மடியிலிருந்து உருண்டு விழுந்த பழத்தை அவள் குனிந்து எடுக்கவே இல்லை. "இந்த உலகத்துல எனக்குன்னு ஒரு சீட் இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்பாள். பழம் போயிற்று, பெயர் தங்கிவிட்டது.

இத்தனை பெருமைக்கும் நடுவே ஒரு பொத்தல். ஊரே ஏறும் அந்த வண்டியில் அவள் புருஷன் ஏறியதில்லை.

அவர் தையல்காரர். கடைத்தெரு முனையில், ஒரு மேசையும் ஒரு மெஷினும் மட்டும் கொள்ளும் கடை. எலுமிச்சை வண்டிக்கு சீட் உறை தைக்க அளவு கொடுக்கப் போனபோது பழக்கமாகி, உறை முடிவதற்குள் கல்யாணம் முடிவாகிவிட்டது. அளவெடுக்க அவர் வண்டிக்குள் உட்கார்ந்ததுதான் முதலும் கடைசியும். வண்டி நின்றுகொண்டிருந்தது, சாவிகூட அவர் பையில்தான் இருந்தது. அப்படியும் ஒரு கால் வெளியே, கதவு திறந்தபடி. நிற்கிற வண்டியிலேயே தலை சுற்றுகிற பிறவி.

அவருடைய அக்கா கல்யாணம் மலையடிவாரத்து டவுனில் நடந்தது. யாருடைய வண்டியிலோ கிளம்பியவர் மூன்றாவது வளைவிலேயே இறங்கி, புதுக் கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு மேலே திரும்பி நடந்தார். அவர் தைத்த உடுப்புகள் மட்டும் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அக்கா வீட்டுக் குடும்பப் படத்தில் இரண்டு பேருக்கு நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு இன்னும் இடம் காலியாக இருக்கிறது. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அக்கா அதைக் காட்டி, "இவன்தான் என் தம்பி" என்று அறிமுகம் செய்வாள்.

இப்போது தங்கை கல்யாணம். அதே டவுன். தங்கை போனில் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணா, கல்யாண உடுப்புக்கு அளவு போன்லயே சொல்லிட்டேன். ஆனா கை மட்டும் இப்பவே வச்சுத் தைக்காத. நீ வந்து, என்னை நிக்க வச்சு, தோளுக்கு ஏத்த மாதிரி இங்கயே தைக்கணும்."

"கையோட அனுப்பிடறேன்மா."

"வேண்டாம். நீ வரலன்னா கையில்லாமலே மேடையில ஏறுவேன். ஏன்னு கேக்கறவங்ககிட்ட உன் பேரைச் சொல்லுவேன்."

தையல்காரர் போனை வைத்துவிட்டு, "நடந்தே போயிடவா?" என்று கேட்டார்.

"போங்க. நீங்க சேரும்போது அவ பிள்ளைக்குச் சட்டை தைக்கலாம்" என்றாள் எலுமிச்சை.

ஆக, கல்யாணத்தன்று காலை தையல்காரர் மனைவியின் வண்டியில் ஏறப்போகிறார் என்ற செய்தி ஸ்டாண்டை எட்டியது. ஸ்டாண்டு கிறுகிறுத்துப் போனது. வாளிக்குப் பளபளவென்று ஒரு தேய்ப்பு, கைப்பிடிக்கு ஒரு சிவப்பு ரிப்பன். தேய்த்தவர் நியூட்ரல் அண்ணன், ஏனென்றால் அப்போதைக்கு, எப்போதையும் போல, அது அவர் வண்டியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நியூட்ரல் அண்ணனுக்கு ஒரு கொள்கை உண்டு. இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டால் வண்டி தானாக உருளும், பெட்ரோல் மிச்சம். வளைவு வந்தால் பிரேக், நேரானால் உருட்டல். பயணிகள் முன்னும் பின்னும் ஆடி ஆடித் தயிராகக் கடையப்படுவது அவர் கணக்கில் வராது.

"அண்ணே, கியர்ல வச்சு ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா, சக்கரமே இன்ஜினைச் சுத்தும். பெட்ரோல் சொட்டுக்கூட இறங்காது. நியூட்ரல்ல போட்டா இன்ஜின் அணையாம இருக்கவே குடிச்சுக்கிட்டு இருக்கும். நீங்க மிச்சம் பிடிக்கல, ஊத்தி விடுறீங்க" என்று எலுமிச்சை பலமுறை சொல்லியாகிவிட்டது.

"உறுமுற வண்டி குடிக்காது, சும்மா இருக்கிற வண்டி குடிக்குதா? நல்ல கதையா இருக்கே. என் வீட்ல சும்மா இருக்கிறவனுக்குத்தான் சோறு கிடையாது" என்பார் அவர். ஸ்டாண்டு சிரிக்கும், விவாதம் முடியும், வாளி ஆடும்.

புறப்படும் நேரம். தையல்காரர் சாம்பல் நிறத்தில் புதுக் கோட்டு போட்டிருந்தார். கையில்லாத கல்யாண உடுப்பும் தனியாக இரண்டு கைகளும் அட்டைப்பெட்டிக்குள் பின்சீட்டில் இருந்தன, பக்கத்தில் கைமெஷின். அவர் உள்ளங்கையில் ஓர் எலுமிச்சம்பழம். அதைப் பார்த்ததும் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. எதை முதலில் செய்வதென்று தெரியாமல் சாவியைத் திருகினாள்.

அங்கேதான் தப்பு நடந்தது.

யாரோ முன்பின் தெரியாதவர் ஏறியிருந்தால் அவள் இறக்கத்தின் தலையிலேயே இரண்டாம் கியருக்கு வந்திருப்பாள். எந்தக் கியரில் ஏறுவாளோ அதே கியரில்தான் இறங்குவாள். ஆனால் பக்கத்தில் இருப்பது புருஷன். கியர் மாற்றும்போது மயிரிழை உலுக்கல் வந்தால்? இன்ஜின் உறுமினால் பயந்துவிட்டால்? எனவே மூன்றாம் கியரில் சத்தமில்லாமல் விட்டு, பிரேக்கின்மேல் பூனை பாலைத் தொடுவதுபோல் காலை வைத்தபடியே இறங்கினாள். தொட்டாள், தொட்டாள், எடுக்கவே இல்லை.

மூன்றாவது வளைவு, அவர் முன்பு தோற்றுத் திரும்பிய அதே இடம், கடந்தது. "பாத்தீங்களா" என்றாள். அவர் தலையசைக்கவில்லை. அசைத்தால் என்ன ஆகுமென்று அவருக்குத் தெரியும்.

இன்னும் சில வளைவுகள் போனபின் தையல்காரர் மூக்கைச் சுளித்தார்.

"இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல மறந்து வச்ச வாசனை வருது."

"எஸ்டேட்ல எதையாவது எரிப்பாங்க."

"இல்லம்மா. வாசனை நம்ம கூடவே வருது."

அவர் முகம் தையல் சாக்குக்கட்டியின் வெள்ளைக்கு வந்திருந்தது. அதே கணத்தில் எலுமிச்சையின் காலுக்கடியில் பிரேக் வழக்கத்தைவிட ஆழமாக, பஞ்சுமேல் மிதித்ததுபோல், இறங்கியது.  மறுபேச்சில்லாமல் இரண்டாம் கியருக்கு வந்தாள், பிறகு முதலாவதுக்கு. இன்ஜின் கத்தியது, வண்டி கழுத்தைப் பிடித்து இழுத்ததுபோல் தளர்ந்தது. சாலையோரம் வண்டிகள் ஒதுங்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கைபிரேக்கைத் தொடாமல் கியரிலேயே விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்தாள்.

முன்சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், பிரேக்கைக் கருக்கி நின்றாள்.

நியூட்ரலில் வரும் வண்டிக்குச் சத்தம் கிடையாது. திரும்பிப் பார்ப்பதற்குள் நியூட்ரல் அண்ணன் வந்து, நாலு தடவை மிதித்து, ஒருவழியாக நின்றார். பின்னால் ரிப்பன் கட்டிய வாளி கணகணத்தது. உள்ளே, அதே கல்யாணத்துக்குப் போகும் மாப்பிள்ளை வீட்டு அத்தை, கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி.

"என்ன தங்கச்சி, ரோட்டோரத்துல சமையலா?"

"சூடாறட்டும்னு நிக்கிறோம் அண்ணே."

"கருகல் வாசனைக்கு ஸ்டாண்டுல எனக்குன்னு ஒரு பேர் இருந்துச்சு. அதுலயும் பங்குக்கு வந்தா நான் எங்க போவேன்?" தையல்காரர் பக்கம் திரும்பினார். "மாப்ள, நேரமாச்சு. பேசாம என் வண்டியில ஏறுங்க. மேகத்துல போற மாதிரி இருக்கும்."

பின்சீட்டு அத்தை, கைக்குட்டையை எடுக்காமலே, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலும் தலையாலும் தையல்காரரை எச்சரித்தாள்.

தையல்காரர் மதில்மேல் உட்கார்ந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தார். ஏறாவிட்டால் தங்கைக்குக் கை இல்லை. ஏறினால் மனைவிக்கு முகம் இல்லை. மேலே திரும்பி நடந்தால் அவருக்கே எதுவும் இல்லை.

"நீங்க போங்க மச்சான். நான் வந்த வண்டியிலயே வரேன்."

வாளி கணகணத்தபடி இறங்கி மறைந்தது. தையல்காரர் மதில்மேலிருந்தே சக்கரத்தை எட்டிப் பார்த்தார்.

"தண்ணி ஊத்தினா?" என்றார் அவர்.

"ஊத்தக் கூடாது. சூட்டுல வெடிச்சாலும் வெடிக்கும். தானா ஆறணும்."

"சரி. ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருஷமா உன் வண்டியில ஒருத்தருக்கும் ஆகலன்னு சொல்றாங்க. அவங்களையும் இப்படித்தான் கூட்டிட்டுப் போவியா?"

"இல்ல."

"பின்ன எனக்கு மட்டும் என்ன?"

"நீங்கன்னா பயமா இருக்கு."

"பயந்துக்கிட்டே வெட்டினா துணி கோணும்." மதிலிலிருந்து இறங்கினார். "மத்தவங்களுக்கு எப்படி ஓட்டுவ?"

அவள் சொன்னாள். வளைவு தெரியும்போதே கியரைக் குறைக்க வேண்டும்; கிளட்சை விடுமுன் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டினால் உலுக்கல் வராது; வேகத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ளும்; பிரேக் கொஞ்சம் தேவைப்பட்டால் வளைவுக்கு முன்பே மிதித்து, முன்பே எடுத்துவிட வேண்டும்; வளைவுக்குள் ஒரே சீராகப் போக வேண்டும்.

தையல்காரர் வாயைத் திறந்தபடி கேட்டார். "அடிப்பாவி. கையை உடம்போட இணைக்கிற வளைவை நானும் அப்படித்தான் தைக்கறேன். வளைவுக்கு முன்னாடியே மிதியைக் குறைப்பேன். நடுவுல நிறுத்தினா அங்க சுருக்கு விழும். எனக்கு இவ்வளவு நேரம் வயித்துல விழுந்தது அந்தச் சுருக்குதான்."

"ரெண்டு பேரும் ஒரே தொழிலா அப்ப?"

"பேச்சு இருக்கட்டும். இனிமே என்னைப் புருஷனா ஏத்தாத. யாரோ ஒரு சவாரியா ஏத்து."

சக்கரம் ஆறியிருந்தது. அவள் பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். கல் மாதிரி நின்றது. முட்டுக் கல்லை எடுத்தாள். முதல் கியரில் நத்தையாக நகர்ந்து, இருமுறை நிறுத்திப் பார்த்தாள். பிடித்தது. ஜன்னல் வழியே தலையை நீட்டி, ஸ்டாண்டில் பேசும் குரலை எடுத்தாள்.

"எங்க போகணும் சார்?"

"கீழ. ஒரு கல்யாணம்."

"ஏறி பெல்ட் போட்டுக்குங்க. கண்ணை மூடாதீங்க, ரோட்டையே பாருங்க. சார் என்ன வேலை?"

"தையல்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. பொண்டாட்டி டிரைவர்."

"நல்லா ஓட்டுவாங்களா?"

"தெரியாதுங்க. இன்னைக்குத்தான் ஏறப்போறேன்."

அவள் சிரித்த சிரிப்பில் கிளட்ச் நழுவப் பார்த்தது. சமாளித்து இரண்டாம் கியரில் விட்டாள். வண்டி உறுமியது. சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாளே, அதே உறுமல். தையல்காரர் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இருந்த இடத்தில் இருந்தது.

"இப்ப என்ன மிதிக்கற?"

"எதுவும் இல்ல சார். ரெண்டு காலும் சும்மா இருக்கு. சக்கரந்தான் இன்ஜினை உருட்டுது, இன்ஜின் முரண்டு பிடிக்குது, அந்த முரண்டுலதான் நாம மெதுவாப் போறோம்."

"நம்ம வீடு மாதிரின்னு சொல்லு."

முதல் வளைவு வந்தது. ஒரு தட்டு, ஒரு உறுமல், வண்டி வழுக்காமல் வளைந்து வெளியே வந்தது. "இது கழுத்து" என்றார் தையல்காரர். அடுத்தது அகலமாகச் சுற்றியது. "இது பாவாடைக் கரை. அடிச்சு விடு." அடுத்தது குறுகலாக, ஒன்றை அடுத்து ஒன்றாக. "காலர். இது காலர்தான். மெதுவா, முனை பிசகக் கூடாது." பிசகவில்லை. அவர் கால்கள் இரண்டும் மெஷின் மிதிப்பதுபோல் தரையில் தாளம் போட்டன. கையைக் காற்றில் கத்தரியாக்கி ஒவ்வொரு வளைவையும் வெட்டினார். அவள் சிரித்தாள், அவர் சிரித்தார், எதற்கென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மலை இறங்க இறங்கக் காது அடைத்தது; எச்சில் விழுங்கினால் திறந்தது; அதற்கும் சிரித்தார்கள்.

ஒரு காலர் தாண்டி, சாலையோரம் ரிப்பன் கட்டிய வாளி வேலையில் இருந்தது. மாப்பிள்ளையின் அத்தை மதிலைப் பிடித்துக்கொண்டிருக்க, நியூட்ரல் அண்ணன் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்றார். எலுமிச்சை வண்டியை ஓரங்கட்டினாள். தையல்காரர் ஜன்னலில் முழங்கையை ஊன்றினார்.

"மச்சான், மேகம் எப்படி இருக்கு?"

"மழை பெஞ்சிடுச்சு மாப்ள" என்றார் அண்ணன் சோர்வாக.

"அத்தை, இதுல ஏறிக்குங்க" என்று எலுமிச்சை பின்கதவைத் திறந்தாள். அத்தை அட்டைப்பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டு, கடவுளே என்று உட்கார்ந்தாள்.  அடிவாரத்தில் இறங்கும் முன் ஒன்றே ஒன்று கேட்டாள்: "திரும்பிப் போறப்பவும் நீதானே கண்ணு?"

மண்டப வாசலில் பெண்வீட்டார் அத்தனை பேரும் நின்றார்கள். வண்டிக் கதவு திறந்ததும் கூட்டம் ஒன்றாக இரண்டடி பின்வாங்கியது, குடும்பத்துக்குத் தெரியாததா. தையல்காரர் இறங்கினார்.  குனிந்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். குனிந்து, கைமெஷினை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எங்க பொண்ணு? தோளைக் காட்டச் சொல்லுங்க."

தங்கை உள்ளேயிருந்து ஓடிவந்து அண்ணன் கோட்டை மோந்து பார்த்தாள். "ஒண்ணுமே இல்ல" என்றாள், நம்பாமல். அப்புறம்தான் அழுதாள். அவர் அவளை நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஊசிகளை உதட்டில் கவ்வி, இரண்டு கைகளையும் அங்கேயே இணைத்தார். ஒரு சுருக்கு இல்லை. "வளைவுக்கு முன்னாடியே குறைக்கணும்" என்று ஊசிகளுக்கு நடுவே யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

எலுமிச்சை மண்டபத்துப் போனில் ஸ்டாண்டைக் கூப்பிட்டாள். ஒரே மணியில் எடுத்தார்கள். சுற்றி நின்றுகொண்டே இருந்திருக்கிறார்கள்.

"வாளி?" என்றது அந்தப் பக்கம்.

"இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

கல்யாணம் முடிந்து படம் எடுக்க மேடையில் வரிசை சேர்ந்தது. அக்கா எண்ணிப் பார்த்தாள். இரண்டு பேருக்கு நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு இடம் காலி.

"எங்க அவன்?"

சமையல் பக்கம் இல்லை. கொல்லைப்புறம் இல்லை. தங்கையின் முகம் வாடத் தொடங்கியது. "அண்ணியையும் காணோம்" என்று யாரோ சொன்னார்கள்.

அப்போது மலைப்பக்கமிருந்து ஓர் உறுமல் கேட்டது. எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். கடைசி வளைவில் வெளிர்பச்சை வண்டி இறங்கிக்கொண்டிருந்தது, இரண்டாம் கியரில், அவசரமே இல்லாமல். ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறக் கோட்டுக் கை ஒன்று காற்றை வளைத்து வெட்டியது.

"இன்னொரு தடவைன்னாரு. கேட்டா மாட்டேன்னா சொல்ல முடியும்?" என்றாள் எலுமிச்சை, இறங்கும்போது. "சவாரி ஆச்சே."

தையல்காரர் தலைமுடி நாலா பக்கமும் பறக்க மேடைக்கு ஓடி, காலி இடத்தில் நின்றார். அந்தப் படம் இப்போது அக்கா வீட்டில் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. தங்கையின் கைகளில் சுருக்கு இல்லை, வரிசையில் இடைவெளி இல்லை. அண்ணன் கோட்டின் இடப்பக்கப் பையில் மட்டும் உருண்டையாக ஒரு புடைப்பு. அவ்வளவு நேர்த்தியான தையல்காரர் இப்படி ஒரு கோணல் கோட்டையா போட்டார் என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள்.

"கோட்டு சரியாத்தான் இருக்கு. உள்ள பழம்" என்பாள் அக்கா.